தாழ்ந்த நாதமும் மூடிய ஹெட்போனும்

கல்பாத்தியை விட்டுப் பிழைப்பை நாடி வெளியூர் சென்ற குடும்பங்களில் இரு சாரார் நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒரு சாரார் பெரியவர்கள். மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து "கும்" என்று எழும் நாதம் செவியில் நிறையாவிட்டால் கச்சேரி கேட்ட திருப்தியே இல்லை என்பவர்கள். மற்றவர்கள் அவர்களுடைய பேரப் பிள்ளைகள். சினிமாப் பாட்டில் தரை அதிர வேண்டும் என்பவர்கள். இருவருக்கும் அடுக்குமாடிச் சுவர்கள் பொதுவான இடையூறு. இரவு ஒன்பதரைக்கு மேல் ஒலிபெருக்கியை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆகவே, "பணம் கொஞ்சம் கூடப் போனாலும் போகட்டும், நல்ல பேஸ் தருகிற, பின்புறம் மூடிய ஹெட்போன் எது?" என்று கேட்கிறார்கள். இரண்டு லட்சம் ரூபாய் வரை செலவு செய்யத் துணிகிறவர்களும் அவர்களில் உண்டு. அத்தனை பணம் போடுகிறவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை நமக்குத் தெரிந்த மட்டில் சொல்லுகிறோம்.

கல்பாத்திக்காரருக்குத் தாழ்ந்த நாதத்தின்மேல் இருக்கும் மோகம் நேற்று வந்ததன்று. ஐப்பசிக் கடைசியில் விசாலாக்ஷி சமேத விசுவநாத சுவாமியின் தேர் தெருவில் வரும்போது, பின்னால் யானை நெற்றியால் முட்டித் தேரைத் தள்ளும். மேளம் மார்பிலேயே விழும். செண்டைக்கு இரண்டு முகம். இடந்தலை கணீரென்று வெடிக்கும். பல அடுக்குத் தோல் போர்த்த வலந்தலை ஆழ்ந்து முழங்கும். (மிருதங்கத்திலோ வலந்தலைதான் மேல்நாதம் பேசும் முகம். பெயர் ஒன்று, வேலை நேர் எதிர்!) தேருக்கு முன்னால் நடக்கும் சங்கீத உற்சவத்தில் கேட்பது வேறு வகை ஆழம். பாலக்காடு மணி ஐயர் (1912-1981) பிறந்த மண்டலம் இது. மஞ்ஞப்ராவில் பிறந்த எம். டி. ராமநாதன் (1923-1984) மிகத் தாழ்ந்த சுருதியில், அவசரமே இல்லாமல் பாடியவர். அவருடைய குரலைக் கேட்டு வளர்ந்த செவிக்கு உச்ச ஸ்தாயியின் பளபளப்பு இரண்டாம் பட்சமாவதில் வியப்பில்லை.

தொப்பியின் நாதம் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் ஹெட்போனில் எதைத் தேடுவது என்பதும் விளங்கும். கச்சேரிக்கு முன் ரவையை நீர் விட்டுப் பிசைந்து இடது முகத்தின் நடுவில் அப்புவார்கள். அந்தப் பாரம் தோலின் சுருதியைக் கீழே இறக்கிவிடும். ரவை கூடிப் போனால் நாதம் மந்தமாகிச் செத்துவிடும். உலர்ந்துபோனால் சுருதி ஏறிவிடும். வித்வான் நடுவில் விரலை நனைத்துத் தடவுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அளவான ரவையில்தான் தொப்பிக்குச் சுருதி உண்டு. கும்கி கொடுக்கும்போது அந்தச் சுருதி வழுக்கி ஏறுவது செவிக்குத் தெரியும். தெரியாவிட்டால் அது வெறும் இடி. ஹெட்போனின் பேஸும் அப்படித்தான். தாழ்ந்த நாதம் ஏராளமாக இருந்தும் அதில் சுருதி தெரியாவிட்டால், ரவை மிஞ்சிய மிருதங்கத்தைக் காதில் மாட்டிக் கொண்டது போலத்தான்.

அட்டைப் பெட்டியின்மேல் "4 ஹெர்ட்ஸ் முதல்", "5 ஹெர்ட்ஸ் முதல்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். மனிதச் செவி ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாதத்தை உணர்வதில்லை. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98. தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தி 65. ஆகையால் கர்நாடக சங்கீதத்தில் தாழ்ந்த நாதம் என்று நாம் அனுபவிப்பது பெரும்பாலும் 65-க்கும் 200-க்கும் இடையே நடமாடுகிறது. அதற்கும் கீழே 30, 40 என்று இறங்குவது மின்னணுக் கருவிகள் வந்த பிற்காலத்துச் சினிமா இசையும் மேல்நாட்டு நடன இசையுமே. இளையராஜாவின் பாட்டில் ஓடும் பேஸ் கிட்டார்கூட, தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். தாத்தாவும் பேரனும் "பேஸ்" என்ற ஒரே சொல்லை வெவ்வேறு இடத்துக்குச் சொல்லுகிறார்கள் என்பது இதனால் தெரியவரும். ஒருவருக்கு உகந்த ஹெட்போன் மற்றவருக்குப் பிடிக்காமற் போவதும் இதனாலேயே.

இனி மூடிய அமைப்பைப் பற்றி. ஹெட்போனின் சவ்வு முன்னால் அசையும்போது காதின் பக்கம் காற்று அழுந்துகிறது, பின்பக்கம் தளர்கிறது. இரண்டும் கலந்துவிட்டால் தாழ்ந்த நாதம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காதைச் சுற்றியுள்ள மெத்தை காற்றுப் புகாமல் தலையோடு ஒட்டியிருந்தால் உள்ளே சிறு அறை ஒன்று அமைந்து, சவ்வின் அழுத்தம் முழுதும் செவிப்பறைக்குச் சேரும். பின்புறக் கிண்ணம் மூடியிருப்பதால் வீட்டில் உறங்குபவர்களுக்கும் தொந்தரவு இல்லை. ஆனால் மெத்தையில் ஓர் இழை இடைவெளி விழுந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ்தான். மூக்குக்கண்ணாடியின் கம்பி அப்படியோர் இடைவெளியை உண்டாக்கும். கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டு, வீட்டில் மாட்டிக் கொண்டு கேட்டால், "கடையில் இருந்த பேஸ் எங்கே?" என்று திகைக்க வேண்டியதுதான். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் வெக்கைக் காற்றில் தோல் மெத்தைகள் வியர்த்து, நாளடைவில் உரிந்து நைந்துபோகும். நைந்த மெத்தையும் பேஸைத் தின்றுவிடும். விலை உயர்ந்ததாயிற்றே என்று அது விட்டுவைப்பதில்லை.

மூடிய கிண்ணத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பின்னால் போன ஒலி சுவரில் மோதித் திரும்பி வந்து, சாரீரத்தைப் பானைக்குள்ளிருந்து வருவது போல் ஆக்கிவிடும். விலை உயர்ந்த ஹெட்போனுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த எதிரொலியை அடக்குவதற்குப் போகிறது. ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒரு விதமாகச் செய்திருப்பது படிக்கச் சுவையானது.

ஜெர்மனியில் பேயர்டைனமிக் 1937-இல் டி.டி. 48 என்ற ஹெட்போனைச் செய்தது. அமெரிக்காவில் ஜான் காஸ் 1958-இல் ஸ்டீரியோ ஹெட்போனை வெளியிட்டார். அந்தப் பேயர்டைனமிக்கே 1985-இல் கொண்டுவந்த டி.டி. 770 உயர்ந்த விலைக்காரர்களின் வரிசையில் சேராது. ஆனால் மூடிய ஹெட்போனில் பேஸ் விரும்புகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுவிட்டு மேலே போவது நல்லது. அதைவிடப் பத்து மடங்கு கொடுத்து வாங்குவதில் பத்து மடங்கு பேஸ் வராது என்பது அப்போதே தெரிந்துவிடும். வருவது தெளிவு.

சோனி 2016-இல் வெளியிட்ட எம்.டி.ஆர். இசட்1ஆர் (பெயரில் எம்.டி.ஆர். என்று இருப்பது நம்மவருக்கு மகிழ்ச்சி தரும் தற்செயல்!) 70 மில்லிமீட்டர் அகலமுள்ள சவ்வும் 385 கிராம் எடையும் உடையது. எதிரொலியைத் தடுக்கக் கிண்ணத்துக்குள் கனடா மரக்கூழினால் ஆன ஒரு வடிகட்டியை வைத்திருக்கிறார்கள். அகன்ற முழக்கம் வேண்டுவோர் அதை விரும்பினார்கள். பாஸ்டெக்ஸின் டி.எச். 900, 2012-இல் வந்தது. மரக் கிண்ணத்தின்மேல் ஜப்பானிய உருஷி அரக்குச் செவ்வண்ணம் பூசியது. அடியும் நுனியும் ஓங்கி நடு சற்று ஒதுங்கிய ஒலி அதற்கு என்பது அதைப் பழகியவர்களின் பொதுவான பேச்சு. நடன இசைக்கு அது விருந்து. டெனான் ஏ.எச். டி9200 என்பதன் கிண்ணம் மூங்கிலால் ஆனது. அந்த மூங்கில் ஜப்பானில் கோச்சி என்ற மாநிலத்தில் விளைந்தது என்று படித்தபோது நமக்கு நம் கொச்சி நினைவு வந்து சிரிப்பு வந்தது. 2018-இல் வந்த அது 375 கிராம்தான். 24 ஓம் ஆதலால் எளிதில் ஒலிக்கும். பிரான்ஸின் போக்கல் 2019-இல் வெளியிட்ட ஸ்டெல்லியா, 40 மில்லிமீட்டர் பெரிலியம் சவ்வு உடையது. எடை 435 கிராம். வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 3,000 டாலர். தொப்பியின் அடி விழுந்து உடனே விலகும் சுறுசுறுப்பு அதில் நமக்குப் பிடித்தது.

மற்றொரு குலம், தட்டையான சவ்வு முழுவதும் மின் கம்பித் தடங்கள் பரப்பி, காந்த வரிசைகளுக்கிடையே அசைய விடும் பிளானர் வகை. அவற்றின் தாழ்ந்த நாதம் கீழே போகப்போகத் தளராமல் ஒரே சீராக நிற்கும். ஆடிஸியின் எல்.சி.டி. எக்ஸ்.சி. அவ்வகையில் பெயர் பெற்றது. ஆனால் அறுநூறு கிராமைத் தாண்டும் எடை. அரை மணிக்குமேல் கழுத்து தாங்குமா என்று ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். டான் கிளார்க் ஆடியோ 2023-இல் வெளியிட்ட ஈ3 ஏறத்தாழ 2,000 டாலர் விலையில் வந்தது. முழக்கத்தை முன்னால் தள்ளாமல் நடுநிலையில் நிற்பது. இத்தகையவற்றில் பேஸ் போதவில்லை என்று தோன்றினால் ஈக்வலைசரில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றியபோதும் கலங்காமல் நிற்பதுதான் அவற்றின் குணம்.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் முதலியோர் 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் பலரைக் கேட்க வைத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலோர் தாழ்ந்த நாதம் சில டெசிபெல் தூக்கலாக இருப்பதையே விரும்பினார்கள் என்றும், இளைஞர்களின் விருப்பம் இன்னும் சற்றுக் கூடுதல் என்றும் கண்டார்கள். ஆகவே பேஸ் பிரியர் என்று சொல்லிக்கொள்ள யாரும் நாண வேண்டியதில்லை.

ஆனால் சோதிக்கிற பாட்டை நம்முடையதாக வைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் வைக்கும் பாட்டில் எல்லா ஹெட்போனும் அழகாகத்தான் இருக்கும். தேர் நாட்களில் ஊர் வந்த அன்பர்களோடு கல்பாத்தித் திண்ணையில் உட்கார்ந்து, நாலைந்து ஹெட்போன்களை மாற்றி மாற்றிக் கேட்டபோது நாம் கைக்கொண்ட முறையைச் சொல்லுகிறோம். முதலில், எம். டி. ராமநாதனின் மந்தர ஸ்தாயிச் சஞ்சாரத்தோடு மிருதங்கமும் ஒலிக்கும் ஓர் இடம். குரலும் தொப்பியும் ஏறக்குறைய ஒரே நிலத்தில் நடப்பதால், பேஸ் வீங்கிய ஹெட்போனில் இரண்டும் ஒரே மூட்டமாகும். நல்லதில் பாடகர் ஓர் இடத்திலும் மிருதங்கம் ஓர் இடத்திலும் இருப்பது தெரியும். அடுத்து, தனி ஆவர்த்தனத்தில் கும்கி. அது வழுக்கும் பாதை முழுதும் கேட்கிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, பழைய நாடாப் பதிவு ஒன்று. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பழைய பதிவுகளில் 50-இலும் 100-இலும் ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொண்டிருக்கும். தாழ்ந்த நாதத்தைக் கண்மூடித்தனமாகப் பெருக்கும் ஹெட்போன் இதையும் பெருக்கி, தம்புராவை மறைத்துவிடும். மணி ஐயர் ஒலிபெருக்கியை விரும்பாதவர் என்பதை ரசிகர்கள் அறிவார்கள். அவருடைய கை நமக்கு எஞ்சியிருப்பதோ இத்தகைய நாடாக்களில்தான். அவற்றைக் கேட்கவே ஹெட்போன் வாங்குபவர் இந்த மூன்றாவது சோதனையை விடவே கூடாது. பேரன் தன் சினிமாப் பாட்டை நாலாவதாக வைத்துக்கொண்டான். அதில் வென்ற ஹெட்போன் வேறு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஒலியின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெதுவாக வைத்துக் கேட்டால் தாழ்ந்த நாதம் செவிக்கு மற்றதைவிட அதிகமாகக் குறைந்து தோன்றும் என்று பிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினார்கள். ஆகையால் பேஸ் பிரியரின் கை ஒலியைக் கூட்டும் பக்கமே போகிறது. மார்பில் விழும் அந்தத் தேர் மேளத்து அடியை எந்த ஹெட்போனும் தராது. அதைத் தேடிக் கூட்டிக்கொண்டே போனால் சேதம் காதுக்குத்தான். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெல் என்பது உலக சுகாதார அமைப்பு வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 86-இல் வைத்தால் வாரத்துக்குப் பத்து மணிதான்.

ஊரிலுள்ள தகப்பனாருக்கு வாங்கி அனுப்பும் பிள்ளைகள் அநேகர். வயதானால் முதலில் மங்குவது மேல்நாதம். தாழ்ந்த நாதமோ தனக்கு மேலுள்ள நாதங்களை மூடி மறைக்கும் இயல்புடையது. பேஸ் மிகுந்த ஹெட்போனைப் போட்டால் அவருக்குச் சாகித்தியத்தின் சொற்கள் தெரியாமற் போகும். "நன்றாயிருக்கிறதடா" என்று சொல்லி அதைப் பெட்டியில் வைத்துவிடுவார். அவருக்கு நானூறு கிராமுக்கு உட்பட்டதாய், நடுநிலை ஒலியுடையதாய், கண்ணாடிக் கம்பி பட்டாலும் வலிக்காத மென்மையான மெத்தை உடையதாய்ப் பார்ப்பது நலம். எந்த ஹெட்போனானாலும் மாற்று மெத்தை ஒரு ஜோடியையும் வாங்கும் அன்றே சேர்த்து வாங்கி அனுப்பிவிடுங்கள். இரண்டு கோடை கழிந்தபின் கல்பாத்தியில் இருந்துகொண்டு அதைத் தேடுவது அவருக்குப் பெரிய பாடு.