ஆறு சூழ்ந்த ஊர்கள்: கொள்ளிடத்துத் திட்டுகளில் ஒரு சுற்று

தீவு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ராமேஸ்வரம், மிஞ்சினால் அந்தமான். நெல் விளையும் தஞ்சைச் சீமையிலேயே, பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்துவிட்டு வரக்கூடிய தீவு ஊர்கள் இருக்கின்றன என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்?

சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கொள்ளிடம் ஓடுகிறது. அங்கிருந்து கடலை நோக்கிப் போகும் வழியில், ஆற்றின் பெரிய கரைகளுக்கு உட்புறமாகவே சில ஊர்கள் அமைந்திருக்கின்றன. தென்கரைப் பக்கம், இப்போதைய மயிலாடுதுறை மாவட்டத்தில், நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல். வடகரைப் பக்கம், கடலூர் மாவட்டத்தில், திட்டுக்காட்டூர். பெயரைப் பார்த்தாலே சங்கதி புரிந்துவிடும். ஆறு கொண்டுவந்து போட்ட மண் படுகை. தண்ணீருக்கு நடுவில் தலை தூக்கி நிற்பது திட்டு.

கோடையில் போனால் இவற்றைத் தீவு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கரையிலிருந்து இறங்கி நடந்தே போய்விடலாம். இருபுறமும் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் காய்த்துக் குலுங்கும். பொழுது விடிவதற்குள் பெண்கள் கொல்லையில் இறங்கிவிடுவார்கள். வண்டல் மண் அல்லவா, போட்டது விளைகிறது. அந்த மண்ணைக் கொடுப்பதும் ஆறுதான். வெள்ளமாய் வந்து விளைச்சலைக் கொண்டு போவதும் அதே ஆறுதான்!

வானம் வெறிச்சிட்டிருக்கும், வெள்ளம் வரும்

காவிரி, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணையைக் கட்டினார். வயலுக்கு வேண்டிய தண்ணீர் காவிரியில். மிஞ்சுகிற வெள்ளம் கொள்ளிடத்தில். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால்தான் கொள்ளிடம் என்று பெயர் என்பார்கள். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி, மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரையெல்லாம் திறந்துவிட வேண்டியதுதான். அணைக்கரைக் கீழணையையும் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு போக்கிடம் கடல் ஒன்றே. நடுவில் இருப்பவை இந்தத் திட்டுகள்.

2018, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆகஸ்ட் மாதத்தில் இப்படித்தான் ஊருக்குள் தண்ணீர் புகுந்தது. 2018-ல் வந்த வேகத்தில் முக்கொம்பிலேயே கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது இடிந்து விழுந்தன. ஆகஸ்ட் என்றால் நமக்கு ஆடிப்பெருக்கை ஒட்டிய காலம். டெல்டா முழுக்கப் பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றி, காப்பரிசி வைத்து, “பொங்கி வா தாயே” என்று காவிரியைக் கும்பிடும் நேரம். திட்டில் இருக்கிற பெண்களோ, “போதும் தாயே” என்று கும்பிடுகிறார்கள்!

நாதல்படுகையில் ஒரு வீட்டுத் திண்ணையில் பேச்சுக் கொடுத்தேன்.

“மழை பேஞ்சு வர்ற தண்ணின்னா நமக்கே தெரிஞ்சுடும் தாயி. இது வானம் பளிச்சுனு இருக்கறப்ப, ராத்திரியோட ராத்திரியா வந்து வாசல்ல நிக்கும்” என்றார் வயதான ஒரு பாட்டி.

“இப்படிக் கஷ்டப்படுவானேன் பாட்டி? கரைக்கு அந்தப் பக்கம் இடம் கொடுத்தால் போய்விடலாமே?”

“எடம் குடுப்பாங்க. மாட்டுக்கு எடம் குடுப்பாங்களா? கொல்லை இங்க கெடக்கு. அங்க போயி குந்திக்கிட்டு சோத்துக்கு என்ன பண்றது?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முகாமில் பெண் படும் பாடு

வெள்ள எச்சரிக்கை வந்ததும் அதிகாரிகள் படகோடு வருகிறார்கள், முகாமுக்கு அழைக்கிறார்கள். ஆனால் மாடு கன்றை விட்டுவிட்டு எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. ஆற்றங்கரை மேட்டிலேயே மாட்டைக் கட்டி, பக்கத்தில் அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. முகாமுக்குப் போனால் சோறு கிடைக்கும். ஆனால் பள்ளிக்கூடக் கட்டடத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஒன்றாய் இருக்கும்போது, மாதவிலக்கு நாட்களில் இருக்கும் பெண்ணும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயும் எங்கே ஒதுங்குவார்கள்? நிவாரணச் சாமான்களில் அரிசி, பருப்போடு சானிடரி நாப்கினும், மறைப்புக்கு ஒரு திரைத்துணியும் இருக்கவேண்டும் என்று கேட்பது ஆடம்பரமா, நீங்களே சொல்லுங்கள்.

மாசமாக இருக்கிற பெண்ணை, நாள் நெருங்குவதற்கு முன்பே கரைக்கு அப்பால் உறவினர் வீட்டிலோ ஆஸ்பத்திரி பக்கத்திலோ கொண்டு வைத்துவிடுவது நல்லது. வலி எடுத்த பிறகு படகு தேடுவது ஆபத்து.

தண்ணீர் வடிந்த பிறகுதான் வியாதிகள் வரிசையாக வரும். கைப்பம்பு தண்ணீராக இருந்தாலும், கொதி வந்தபின் ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிக்கவேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் ஓ.ஆர்.எஸ். கரைசலை உடனே கொடுக்க ஆரம்பியுங்கள். சேற்றில் நின்ற காலைக் கழுவித் துடைத்து உலரவிட்டாலே சேற்றுப்புண் பாதி குறையும். காலில் புண் இருக்கும்போது வெள்ளநீரில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வாசல் திறப்பது போல. பாம்புகளும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதோ, கீறி ரத்தம் எடுப்பதோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கடல் வாசலில் கொடியம்பாளையம்

ஆற்றோடு இன்னும் கிழக்கே போனால் முகத்துவாரம். இங்கே ஒரு திட்டின் மேல்தான் தேவிக்கோட்டை இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கின் கையிலிருந்து 1749-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள்; முன்னணியில் நின்றவர் ராபர்ட் கிளைவ். கப்பல்காரர்கள் சண்டை போட்டுப் பிடித்த முகத்துவாரம், இன்று வரைபடத்தில் தேடினால்தான் கிடைக்கிறது!

இங்கேதான் இருக்கிறது கொடியம்பாளையம் என்ற மீனவர் ஊர். கிழக்கே வங்கக்கடல், மற்ற பக்கமெல்லாம் ஆறும் உப்பங்கழியும். மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் சாலை வழியாக வரவேண்டுமானால் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரம் பக்கமாகச் சுற்ற வேண்டும். எதிர்க்கரையில் பழையாறு மீன்பிடித் துறைமுகம் தெரிகிறது. கண்ணுக்குக் கிட்டே, காலுக்கு எட்டாத தூரம். தாலுகா ஆபீசில் ஒரு சர்டிபிகேட் வாங்கவேண்டுமானால் ஒரு நாள் பிழைப்புப் போய்விடும்.

வடக்கே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. 2004 டிசம்பர் 26 அன்று இந்தோனேசியாவின் சுமத்ராவை ஒட்டிக் கடலடியில் பூமி அதிர்ந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. சுரபுன்னைக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெருமளவு தப்பின. கடலுக்கும் கழிக்கும் நடுவே மணல் மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. உயிர் பிழைத்தவர்கள் கழிக்கு இந்தப் பக்கம் குடியேறினார்கள்.

போவதா, இருப்பதா?

அப்படியானால் படுகைக்காரர்களும் போய்விடவேண்டியதுதானே என்று சொல்வது சுலபம். மீனவர் குடி பெயர்ந்தால் படகு கூட வரும். கடலும் அங்கேயே இருக்கும். படுகை விவசாயிக்கு நிலம் கூட வராதே! வீட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தால், பகலெல்லாம் படுகையில் உழைத்துவிட்டு இரவு திரும்பும் பாரமும் பெண்கள் தலையில்தான் விழும். பாட்டி கேட்ட கேள்வியில் எவ்வளவு நியாயம் இருக்கிறது பாருங்கள்.

இவர்களுக்கு வேண்டியது மூன்று. வெள்ளத்திலும் மூழ்காத உயரமான வழி ஒன்று. ஊருக்கு அருகே, மாடுகளுக்கும் இடமுள்ள, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குளியலறையும் உள்ள மேட்டுக் கட்டடம் ஒன்று. மூன்றாவது, கோடையில் ஆறு வற்றும்போது கடல்நீர் மேலேறிக் கிணற்றை உப்பாக்காமல் தடுக்க, ஆற்றின் கடைசிப் பகுதியில் ஒரு கதவணை. இது இந்தப் பக்கத்து ஜனங்கள் நெடுநாளாகக் கேட்டுவருவது. குத்தகைக்குப் பயிரிடுகிறவரின் பெயரும் கணக்கில் ஏறினால்தான் பயிர் அழிந்தால் நிவாரணம் அவர் கைக்கு வரும்.

அதுவரை, ஆடி பிறக்கும் முன்பே ரேஷன் கார்டு, பட்டா, பாங்க் பாஸ்புக், குழந்தைகளின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, கைக்கெட்டும் உயரத்தில் மாட்டி வையுங்கள். திட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, ஆற்றங்கரையில் குடியிருக்கும் எந்த இல்லத்தரசிக்கும் இது பொருந்தும்.

தஞ்சை நெல்லும் வெற்றிலையும் வாழையும் ஊர் ஊராகப் போகின்றன. அவற்றை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதற்காகத்தான் மிஞ்சிய தண்ணீரைக் கொள்ளிடத்தில் தள்ளுகிறோம். நம் வயல் பிழைப்பதற்காக அந்த வெள்ளத்தைத் தாங்குகிறவர்கள் இந்தத் திட்டு ஜனங்கள். அவர்களுக்கு ஒரு பாலமும் ஒரு மேட்டுக் கட்டடமும் கட்டிக் கொடுப்பது தர்மம் அல்ல. டெல்டா பட்டிருக்கும் கடன்.