எங்கள் வீட்டு ஷட்டர் சத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே!

கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டின் முன்புறம் ஒரு கார் ஷெட் இருக்கிறது. காரை விற்று வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது என் ஸ்கூட்டி மட்டும்தான் அதில் நிற்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, தினமும் காலை 5 மணிக்கு ஷெட்டின் இரும்பு ஷட்டரைத் தூக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடக்கப் போவது என் வழக்கம்.

அந்த ஷட்டர் 2015 வெள்ளத்தைப் பார்த்தது. டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாறு பெருகி ஊருக்குள் வந்தபோது அதன் கீழ்ப்பாதி சேற்றுத் தண்ணீரில் நின்றது. அன்று பிடித்த துரு, எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். தூக்கினால் 'கிரீச்' என்று ஆரம்பித்து 'கடகட'வென்று முடியும். என் காதுக்கு அது பழகிவிட்டது.

போன மாதம் பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் கொண்டு போனேன். அந்த வீட்டு ஐயா பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம் ஆகிறது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரவெல்லாம் அக்காதான் செய்கிறார். வீட்டு வேலைக்கு வரும் பெண் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அம்மா கண்ணசர்றதே நாலு மணிக்குத்தான். டீச்சர் வீட்டு ஷட்டர் சத்தத்துல ஐயா தூக்கிவாரிப் போட்டு முழிச்சிக்கறாரு. அதோட அம்மா தூக்கமும் போச்சு."

அக்கா அவளை அதட்டினார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர், நீங்க சுண்டல் குடுங்க."

எனக்குச் சுண்டல் பாத்திரத்தைக் கையில் வைத்திருக்கவே கூச்சமாக இருந்தது. இரண்டு வருடம்! ஒரு வார்த்தை சொன்னதில்லை. வகுப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். எழுந்து புகார் சொல்லும் பிள்ளையைக் கவனித்தேன். கடைசி பெஞ்சில் பேசாமல் இருந்த பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அது தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையிலிருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து ஷட்டரின் இரண்டு பக்கமும் ஊற்றினேன். இரண்டு நாள் அமைதி. பிறகு தெருப்புழுதி எண்ணெயோடு சேர்ந்து களிம்பு போலாகி, முன்னைவிட மோசமாக முனகியது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். நம் ஊர் மார்கழி, தை விடியலில் அதுவும் சேர்ந்துகொள்ளும். இதை உங்களுக்குப் பாடமாக நடத்தியவளே நான்தான்!

கடைசியில் ஷட்டர் மெக்கானிக் தம்பியை வரவழைத்தேன். அவர் முதலில் எண்ணெயைத் தொடவே இல்லை. ஷட்டர் ஏறி இறங்கும் இரண்டு பக்கக் காடியிலும் டபிள்யூ.டி-40 அடித்து, பழைய பிசுக்கை இளக்கி, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தார். துணி கன்னங்கரேலென்று வந்தது. "பிசுக்கு எடுக்க இது நல்லதும்மா. ஆனா இதையே அடிச்சு விட்டுட்டா ரொம்ப நாள் நிக்காது" என்றார். காடி காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே அடித்தார். அதில் புழுதி அவ்வளவாக ஒட்டாதாம். கிரீஸ் மேலே இருக்கும் பேரிங்குக்கு மட்டும்தான். சுவரில் ஆடிக்கொண்டிருந்த ஒரு போல்ட்டையும் முடுக்கினார். பாதிச் சத்தம் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. அதற்கு எந்த எண்ணெயும் உதவாது.

மேலே உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை மட்டும் நாம் தொடவே கூடாது என்றார். முறுக்கி வைத்திருப்பார்கள், தெறித்தால் கை போய்விடும். பிள்ளைகளே, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

ஊரில் என் அப்பா மாட்டு வண்டிக்கு மை போடுவது அப்போது ஞாபகம் வந்தது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வைத்திருப்பார். ஆனால் பழைய மையைச் சுரண்டி எடுக்காமல் புதியதைப் போட மாட்டார். பார்த்து வளர்ந்தவள் மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஷட்டரை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினேன். இரும்பு இரும்புதான், லேசான சலசலப்பு இருந்தது. ஆனால் அந்தக் 'கிரீச்' இல்லை.

நான்காம் நாள் அக்கா சுவர் ஓரமாக வந்து கூப்பிட்டார். முகத்தில் கவலை.

"என்ன டீச்சர், நாலு நாளா வாக்கிங் போகலியா? உடம்பு சரியில்லையா? சத்தமே காணோமே!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "இல்லக்கா, ஷட்டருக்கு எண்ணெய் போட்டுட்டேன்" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "நல்லா தூங்கினேன் டீச்சர்" என்றார். அவ்வளவுதான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு ஷட்டரையும் கேட்டையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். சத்தம் வந்தால் முதலில் துடையுங்கள், பிறகு எண்ணெய். பக்கத்து வீட்டில் யார் எப்போது தூங்குகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்