அப்பாவின் 555 புத்தகங்கள்

"அக்கா, பழைய மாணவர் பகுதிக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவைச் சேர்ந்த தங்கை ஒருத்தி தொலைபேசியில் கேட்டபோது, கழகத்தில் நாங்கள் நடத்திய நாடக விழா, பேச்சுப் போட்டி பற்றித்தான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால், அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். என்னால் மட்டுமே எழுதக்கூடியது ஒன்று உண்டு. அது என் அப்பா ஓட்டிய லோரிகளின் கதை. அந்தக் கதைக்கும் நம் கழகத்துக்கும் ஒரு தொடர்பு இருப்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்பீர்கள்.

தூய தமிழில் 'சரக்குந்து' என்று எழுத வேண்டும் என்பதை நான் அறியாதவள் அல்லள். மேடையில் பேசினால் அப்படித்தான் சொல்வேன். ஆனால், எங்கள் வீட்டில் அது லோரி. எனவே, இக்கட்டுரையிலும் லோரியாகவே ஓடட்டும்.

ஈப்போ புந்தோங்கில் நான் பிறந்து வளர்ந்தேன். கச்சான் வறுக்கும் வாசம் வீசும் அந்தப் பகுதியில், துத்தநாகக் கூரை போட்ட ஒரு கொட்டகைதான் அப்பா வேலை செய்த லோரி நிறுவனம். மொத்தம் மூன்று லோரிகள். ஒரு மேசை, ஒரு தொலைபேசி, டயர் கடை கொடுத்த நாள்காட்டி, விநாயகர் படம். அவ்வளவுதான் அலுவலகம். முதலாளியும் தமிழர்தான். மற்றவர் சரக்கை வாடகைக்கு ஏற்ற 'ஏ' உரிமம் வேண்டும். சொந்தச் சரக்கை ஏற்றினால் 'சி' உரிமம் போதும். அந்த 'ஏ' உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விநாயகர் படத்துக்கு அருகிலேயே மாட்டி வைத்திருந்தார் முதலாளி. இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுவார்.

லோரிக் கதவில் நிறுவனத்தின் பெயர், முகவரி, வெற்று லோரியின் எடை, சுமையோடு சேர்ந்த எடை எல்லாம் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருக்கும். எல்லாமே ரோமன் எழுத்துகள். முதலாளி தமிழர், ஓட்டுநர்கள் தமிழர், மூட்டை ஏற்றி இறக்கிக் கன்வஸ் கட்டும் கெலிண்டான் மாமாவும் தமிழர். இருந்தும் அந்த லோரியில் தமிழ் எழுத்து இரண்டே இடங்களில்தான் இருந்தது. ஒன்று, முன்கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த 'முருகன் துணை'. மற்றொன்று, அப்பாவின் சட்டைப் பையில் இருந்த 555 புத்தகம்.

555 புத்தகத்தை அறியாத மலேசியர் இருக்க முடியாது. மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சின்னஞ்சிறு புத்தகம்தான். அப்பாவுக்கு மாதச் சம்பளம் கிடையாது; டிரிப் கணக்கு. எத்தனை டிரிப் ஓடினாரோ அத்தனைக்குத்தான் கூலி. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை படித்தவர் அவர். காதில் செருகிய பென்சிலை எடுத்து, ஒவ்வொரு டிரிப்பையும் எழுதி வைப்பார். தேதி, லோரி, எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு, எத்தனை மூட்டை. "வாய்ச் சொல்லு மறந்து போவும் பாப்பா. எழுதி வெச்சா அது நிக்கும்" என்பார்.

மூன்று லோரிகளில் மூத்தது, மூக்கு நீண்ட பெட்ஃபோர்ட். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் செய்யப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். அடுத்தது முகம் தட்டையான பெட்ஃபோர்ட் 'டி.கே.'. அதற்கு இஞ்சின் இருக்கைக்குப் பின்புறம் இருக்கும். மதிய வேளையில் முதுகு வெந்து போகும் என்பார் அப்பா. மூன்றாவது, பின்னாளில் வாங்கிய ஜப்பானிய ஹீனோ. அதை வாங்கிய நாளில் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். எனக்கு என்னவோ அந்த மூக்கு நீண்ட கிழட்டு லோரியைத்தான் பிடிக்கும். அதன் கட்டை உடல் வெயிலில் காய்ந்து, சுண்ணாம்பும் டீசலும் கலந்த ஒரு வாசம் வீசும். இன்றும் எங்காவது டீசல் வாசம் அடித்தால் அப்பா பக்கத்தில் நிற்பது போல இருக்கிறது.

பள்ளி விடுமுறையில் என்னையும் ஏற்றிக்கொள்வார். அப்பாவுக்கும் கெலிண்டான் மாமாவுக்கும் நடுவில் நான். கோப்பேங் பக்கம் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் கம்பார், தாப்பா, பீடோர், சிலிம் ரீவர், தஞ்சோங் மாலிம் என்று பழைய கூட்டரசுச் சாலையில் ஊர் ஊராகக் கடந்து, விடிந்த பிறகுதான் கிள்ளான் துறைமுகம் போய்ச் சேர முடியும். மேட்டில் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்துவிடும். மாமா பால்டின்னை எடுத்துக்கொண்டு ஓடையைத் தேடிப் போவார். கியர் மாற்றக் கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். அந்தத் தாளத்திலேயே நான் தூங்கிவிடுவேன். பீடோரில் நிறுத்திக் கொய்யாப்பழம் வாங்கித் தருவார். திரும்பும்போது உரமோ கோழித் தீவனமோ கிடைக்கும். வெறும் லோரியாகத் திரும்பினால் அப்பா முகத்தில் சிரிப்பு இருக்காது.

எங்கள் கிந்தா பள்ளத்தாக்கின் வாழ்வே ஈயத்தால் வந்தது. சுரங்கங்களுக்கு வேண்டிய இரும்புக் குழாய், பாலோங் கட்டும் பலகை, டீசல் பீப்பாய் ஆகியவற்றை ஏற்றியே அந்த நிறுவனம் வளர்ந்தது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. அதன் பின் எங்கள் வட்டாரத்தில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. முதலாளி வாடகைக்காகச் சுண்ணாம்பு, சிமெண்டு, தீவனம் என்று அலைந்தார். அப்போதுதான் அப்பாவிடம், "தம்பி, கொஞ்ச நாளைக்கு சேமநிதி கட்ட முடியாது. இக்கட்டு தீரட்டும், சேத்துக் கட்டிடுறேன்" என்றாராம். அப்பா தலையாட்டிவிட்டார். அவர் மறுத்துப் பேசாததற்குக் காரணம் உண்டு. அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது இரவு இரண்டு மணிக்கு வந்து பணம் கொடுத்தவர் அதே முதலாளிதான்.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. பயண நேரம் குறைந்தது. ஆனால், பெரிய நிறுவனங்களின் நீளமான லோரிகள் வேகமாக ஓடத் தொடங்க, மூன்று லோரி முதலாளிகள் அவர்களோடு போட்டி போட முடியாமல் திணறினார்கள். பெட்ஃபோர்டுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதும் அரிதானது. இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸ் 1986-லேயே பெட்ஃபோர்ட் கனரக லோரி உற்பத்தியை நிறுத்திவிட்டிருந்தது. 

1996-இல் எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பதிவு நாளன்று மற்ற மாணவர்கள் பெற்றோருடன் காரில் வந்து இறங்கினார்கள். நான் ஹீனோவில் வந்தேன். வாயிலை நெருங்கும்போது, "அப்பா, லோரிய உள்ள விட மாட்டாங்க. இங்கேயே இறக்கிவிட்டுடுங்க" என்றேன். அது பொய். காவலர் எங்களைத் தடுக்கவே இல்லை. சிவப்பு மண் படிந்த அந்த லோரியிலிருந்து நான் இறங்குவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கி வைத்தார், தலையைத் தடவினார், போய்விட்டார். விண்ணப்பப் பாரத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'போக்குவரத்து' என்று எழுதியவள் நான்.

1997 பொருளாதார நெருக்கடியில் கட்டட வேலைகள் நின்றன. சிமெண்டு ஏற்ற ஆளில்லை. 1998-இல் நிறுவனத்தை மூடினார்கள். ஹீனோவை ஒருவர் வாங்கிச் சென்றார். பெட்ஃபோர்டுகள் இரண்டும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. மறு ஆண்டு அப்பாவுக்கு 55 வயது நிறைந்தது. சேமநிதிப் பணம் எடுக்கலாம் என்று கணக்கறிக்கையைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது. 22 ஆண்டு உழைப்பில், முதல் 9 ஆண்டுகளுக்கு மட்டுமே பணம் கட்டப்பட்டிருந்தது. தீரும் என்ற இக்கட்டு தீரவே இல்லை.

நான் அப்போது இறுதியாண்டு மாணவி. அப்பாவை அழைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். வேலை செய்ததற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்கள். சம்பளச் சீட்டு இல்லை. நியமனக் கடிதம் இல்லை. அப்பா கையிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக 555 புத்தகங்கள். அதிகாரி ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எனக்குப் படிக்கத் தெரியாதே. மலாயில் எழுதிக் கொண்டு வர முடியுமா?" என்று கனிவாகவே கேட்டார்.

13 ஆண்டுகள், 26 புத்தகங்கள். தேர்வுக்கோ இரண்டு மாதம்தான் இருந்தது. தனியாக முடியாது. தயங்கித் தயங்கிக் கழகத் தோழர்களிடம் சொன்னேன். என் அப்பா லோரி ஓட்டுநர் என்பதை அன்றுதான் அவர்கள் அறிந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கழக அறையில் நால்வர் அமர்ந்தோம். ஒருவர் படிக்க, ஒருவர் மலாயில் சொல்ல, இருவர் அட்டவணை போட்டு எழுத, மூன்று வார இறுதிகள் ஓடின. அப்பாவின் எழுத்தில் ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். முதலில் ஒரு தோழி சிரித்தாள். இரண்டாவது புத்தகத்துக்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. 'தீபாவளி. கிளாங். தீவனம் 120.' 'காச்சல். ஓட்டினேன்.' 'சின்னவளுக்கு பள்ளி பீஸ். ரெண்டு டிரிப் சேத்து.' இப்படியே பக்கம் பக்கமாகப் போனது.

1996-ஆம் ஆண்டுப் புத்தகத்தை அந்தத் தோழிதான் படித்தாள். "ஈப்போ – கோலாலம்பூர். ஹீனோ. சரக்கு: மகள். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு தலகாணி. கேட்டுக்கு வெளிய எறக்கியாச்சி. கூலி இல்ல" என்று படித்துவிட்டு, "இது டிரிப் கணக்கில் வருமா?" என்று என்னைப் பார்த்தாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அறையை விட்டு வெளியே போய் அழுதேன். 'கேட்டுக்கு வெளிய' என்று எழுதியிருந்தாரே, அவருக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. திரும்பி வந்து அந்த வரியையும் அட்டவணையில் சேர்க்கச் சொன்னேன். அன்றும் அவர் அந்த நிறுவனத்தின் லோரியைத்தான் ஓட்டினார். அது வேலைநாளுக்குச் சாட்சி.

அலுவலகத்தில் முதலாளியையும் அழைத்திருந்தார்கள். மூப்பு தட்டிப் போயிருந்தது. அவருடைய கணக்கேடுகள் எதுவும் மிஞ்சவில்லை. அப்பாவின் புத்தகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெகுநேரம் படித்தார். எதிர்த்து வாதாடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "இது சரிதாங்க. இவன் பொய் எழுத மாட்டான்" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "தம்பி, நீ என்னைக் கேட்டிருக்கலாமே" என்றார். அப்பா, "நீங்க சொன்னீங்களே மொதலாளி, சேத்துக் கட்டுறேன்னு" என்றார். அதற்கு அவரிடம் மறுமொழி இல்லை.

தவணை முறையில் பணம் கட்டத் தொடங்கினார். ஏறக்குறைய பாதி கட்டியிருப்பார், அதற்குள் காலமாகிவிட்டார். மீதி எங்களுக்கு வரவில்லை. நான் கோபப்பட்டேன். அப்பாவோ இறப்பு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய், பாடை தூக்கிவிட்டு வந்தார். நல்ல மனிதராக இருப்பதும் தொழிலாளிக்குச் சேர வேண்டியதை நாள் தவறாமல் கட்டுவதும் ஒன்றல்ல என்பதை அந்த மூன்று லோரி நிறுவனம் எனக்குக் கற்றுக் கொடுத்தது. அன்பாகக் கொடுத்த கைமாற்றை நாங்கள் என்றோ திருப்பிக் கட்டிவிட்டோம். சேமநிதியோ அப்பாவின் உரிமை. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் அவர் 13 ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று கடைவீடுகள் நிற்கின்றன. கதவில் வெள்ளைச் சாயத்தில் எழுதிய அந்த ரோமன் எழுத்துகள் இரும்போடு உருகிப் போயின. மூன்றாம் ஆண்டு மட்டுமே படித்தவரின் பென்சில் தமிழ் மட்டும் என் அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. அப்பா 2014-இல் மறைந்தார்.

தமிழ் படித்தால் என்ன கிடைக்கும் என்று உங்களிடம் யாராவது கேட்டிருப்பார்கள், என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மேடையில் சொல்லும் பதில்கள் பல உண்டு. என் அப்பாவுக்கு அது சேமநிதியில் பாதியைக் கிடைக்கச் செய்தது என்பதே என் பதில். இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனால் அப்பாவோ அம்மாவோ எழுதி வைத்த பழைய கணக்குப் புத்தகம் ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியே அவர்களின் சேமநிதிக் கணக்கறிக்கையையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

விண்ணப்பப் பாரங்களில் என் தந்தையின் தொழில் என்ன என்று இப்போதும் சில வேளைகளில் கேட்கிறார்கள். லோரி ஓட்டுநர் என்று முழுமையாக எழுதுகிறேன்.