நீலம் பூத்த உதடுகள்

ஓடினால் மூச்சு முட்டும். அழுதால் உதடு நீலமாகும். செங்கற்சூளைத் தொழிலாளியின் மகள், வயது 4. "முற்பிறவிப் பாவம்" என்றார் பூசாரி. தாயத்துக் கட்டினார், தட்சணை பெற்றார். நாம் அவளைப் பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். ஆய்ந்து பார்த்த மருத்துவர், "இதயச் சுவரிலே பிறவித் துளை, நுரையீரலுக்குச் செல்லும் பாதையும் குறுகல். முன்பே வந்திருக்கக் கூடாதா?" என்றார். தலை கவிழ்ந்தோம்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இதயக் குறையோடு பிறக்கிறது. குடிசை, மாளிகை என்ற பேதம் நோய்க்கு இல்லை. ஆனால், மாளிகைக் குழந்தையின் குறை தொட்டிலிலேயே தெரிகிறது. குடிசைக் குழந்தையின் குறையோ உதடு கருத்த பிறகே தெரிகிறது! விதியா இது? அல்ல, வறுமை செய்த சதி!

இந்த நீலத்தைத் தணிக்கும் அறுவையை 1944-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலே செய்தவர் மருத்துவர் பிளலாக். ஆய்வுக்கூடத்திலே நாய்களுக்குச் செய்து பழகி, அன்று அவர் பின்னே நின்று வழி சொன்னவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், மருத்துவக் கல்லூரியில் பயில வாய்ப்பற்றவர்! ஒதுக்கப்பட்டவர் உழைத்துக் கண்ட வழி, ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைக்கு எட்டவில்லையெனில் குற்றம் யாருடையது?

அரசுக் காப்பீடு அறுவைக்குப் பணம் தந்தது, அவள் பிழைத்தாள். ஆனால், நோயைக் காலத்தே கண்டு சொல்வார் யார்? இழந்த கூலியை ஈடு செய்வார் யார்?

அவளுக்கு முன் பிறந்த ஆண்குழந்தையும் நீலம் பாய்ந்தே மாண்டதாம். அன்று, என்ன நோயென்று ஊரார் கேட்கவில்லை. அடுத்த தெருவிலிருந்த நாமும் கேட்கவில்லை.