1,200 வாட்ஸும் ஒரு டார்ச் செல்லும்

சென்னையில் காருக்கு எது வாங்குவதானாலும் ஆட்கள் முதலில் கைகாட்டும் இடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சாலையில் சீட் கவர், மேட், ஹாரன், ஸ்பீக்கர் என்று கடைகள் வரிசைகட்டி நிற்கும். பழைய பாகங்கள் வேண்டுமென்றால் பக்கத்திலேயே புதுப்பேட்டை. எலக்ட்ரானிக்ஸ் சாமான் வேண்டுமென்றால் ரிச்சி ஸ்ட்ரீட். வியாபாரம் கடைக்குள் ஏசியில் நடக்கிறது. வேலை வாசலில், வெயிலில், கார்க் கதவைத் திறந்துபோட்டு நடக்கிறது.

தன் காருக்கு ஸ்பீக்கர் மாற்றிய நண்பர் ஒருவர்தான், அந்தப் பக்கம் வேலைபார்க்கும் ஃபிட்டர் ஒருவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். ஐம்பதைத் தாண்டியவர். கடைப் பையன்கள் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். “பேரு போடாதீங்க சார், முதலாளி படிப்பாரு” என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அவர் மாஸ்டர்தான்.

அன்று வந்திருந்தது செகண்ட் ஹேண்ட் ஸ்விஃப்ட் ஒன்று. ஓட்டிவந்த இளைஞர் 12 இன்ச் சப்வூஃபர் ஒன்றை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 1,200 வாட்ஸ்.

“தம்பி, இந்த 1,200ஐ 12 வோல்ட்டால வகுங்க. என்ன வருது? நூறு ஆம்பியர். உங்க வண்டி ஆல்டர்னேட்டர் மொத்தமா குடுக்கறதே அவ்ளோ வராது. அப்புறம் ஹெட்லைட் எதுல எரியும், ஏசி எதுல ஓடும்?”

“அப்ப இது டூப்ளிகேட்டாண்ணா?”

“டூப்ளிகேட் இல்ல. அது கண்ணுக்குக் காட்டற கணக்கு. அடியில பொடியா ஆர்எம்எஸ் 300ன்னு போட்டிருக்கான் பாருங்க. அதான் நெசம்.”

உச்சமாக ஒரு நொடி தாங்கும் அளவு ஒன்று. மணிக்கணக்காகத் தாங்கும் அளவு வேறொன்று. இரண்டாவதுதான் ஆர்எம்எஸ். டேஷ்போர்டில் இருக்கும் செட்டில் ‘50 வாட்ஸ் x 4’ என்று போட்டிருந்தாலும், தொடர்ந்து அது கொடுப்பது ஒரு சேனலுக்கு 20 வாட்ஸ் சுமாருக்குத்தான். போதாததற்கு, வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது ‘கொஞ்சம் சத்தம்’, அவ்வளவே. 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் போடும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸில் போட்டுவிடும். ஆனால் சென்சிட்டிவிட்டியைக் கொட்டை எழுத்தில் அச்சடிப்பவர் யாரும் இல்லை. கேட்டு வாங்குபவரும் அபூர்வம்.

மாஸ்டர் செய்யாறு பக்கத்துக்காரர். பள்ளிக்கூடம் பாதியில் நின்றபோது ரேடியோ ரிப்பேர் கடை ஒன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். எரிந்துபோன வாய்ஸ் காயிலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றுவது, கிழிந்த கோனை மாற்றி ஒட்டுவது என்று அங்கே கற்றதுதான் தொழில். பிறகு கார் ஸ்டீரியோ. மாருதி 800இன் பின் ட்ரேயில் முட்டை வடிவ ஆறுக்கு ஒன்பது ஸ்பீக்கர் இரண்டைப் பதிப்பதுதான் அன்றைக்குப் பெரிய வேலை. “அம்பாசிடர்ல கை உள்ள போகும், தலையும் உள்ள போகும். இப்ப வர்ற வண்டில விரலே போகல” என்று சிரித்தார். காயில் சுற்றும் வேலை இப்போது அவரிடம் வருவதில்லை. கெட்டுப்போனால் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குகிறார்கள்.

அந்த ரேடியோ கடைக் காலத்திலிருந்து அவர் விடாத ஒன்று சட்டைப் பையில் இருக்கிறது: 1.5 வோல்ட் டார்ச் செல். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிய ஒயர், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. டேப் பிசுபிசுத்து அழுக்கேறிக் கிடக்கிறது. கதவு ஸ்பீக்கரின் டெர்மினலில் ஒயர்களை ஒரு கணம் தொட்டு எடுத்தார். ‘டப்’பென்று கோன் வெளியே எம்பி, திரும்ப உட்கார்ந்தது. ஒயரை மாற்றித் தொட்டார். கோன் உள்ளே இழுத்துக்கொண்டது. செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். பழைய வண்டியில் யார் எந்த ஒயரை எதோடு முறுக்கிவைத்தார்களோ, அதனால் அவர் நிறத்தை நம்புவதில்லை. வலது கதவு வெளியே தள்ளும் நேரத்தில் இடது கதவு உள்ளே இழுத்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு பேஸ் காணாமல் போய்விடும்.

“பேஸே வரலன்னு புது சப் வாங்க வருவாங்க. ரெண்டு ஒயர மாத்திச் சொருகினா சரியாயிடும். போயிடுவாங்க. மொதலாளிக்குத்தான் ஆகாது.”

அடுத்து கோனின் மேல் நான்கு விரலையும் பரப்பி மெதுவாக அழுத்தி, காதைக் கொண்டுபோனார். கரகரவென்று உரசினால் காயில் போய்விட்டது என்று அர்த்தமாம். இது உரசவில்லை.

டோர் பேடைக் கழற்றினால் கதவு வெறும் தகரம். அதை அப்படியே விட்டு விலையுயர்ந்த ஸ்பீக்கரை மாட்டினால் பாட்டோடு தகரமும் சேர்ந்து பாடும். அதற்குத்தான் டேம்பிங்: ஒரு பக்கம் அலுமினியத் தாளும் மறுபக்கம் பியூட்டைல் பசையும் கொண்ட ஷீட்டை வெட்டி, உருளையால் அழுத்தி ஒட்டுகிறார்கள். இதில் மாஸ்டர் பையன்களைத் திட்டிக்கொண்டே இருந்த விஷயம், கதவின் அடியில் உள்ள தண்ணீர் வழியும் ஓட்டைகள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அங்கேதான் வெளியேற வேண்டும். ஷீட்டால் அதை அடைத்துவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் கதவு துருப்பிடிக்கும்.

டிக்கியில் வைக்கும் பெட்டியைச் செய்பவர் வேறு ஒரு தச்சர். 18 மில்லி எம்டிஎஃப் பலகை, மூலைகளில் பசை, மேலே கார்பெட். மூடிய பெட்டி என்றால் அடி ‘நச்’சென்று விழும், ஓட்டை வைத்த பெட்டி என்றால் அதே வாட்ஸுக்குக் கூடுதல் முழக்கம், ஆனால் பெட்டி பெரிதாகும். உள்ளளவு எவ்வளவு லிட்டர் என்பது ஆசாரி இஷ்டமல்ல. ஆஸ்திரேலியாவில் 1961இல் நெவில் தீல் எழுதியதும், பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் விரித்துரைத்ததுமான கணக்கு அது. ஸ்பீக்கரோடு வரும் தாளில் அந்த எண்கள் இருக்கும். கெயின், கிராஸ்ஓவர் என்று கடைசியில் ஆம்ப்ளிஃபயரில் திருகியதை நான் சரியாகப் பின்தொடரவில்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் சப்புக்கு அனுப்பினார் என்பது புரிந்தது.

ஒயர்தான் கோபம் வரவழைக்கும் இடம். ஆம்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து காரின் நீளம் முழுக்கக் கடந்து டிக்கிக்குப் போகிறது. வழியில் எங்காவது தகரத்தில் உரசித் தோல் கிழிந்தால் ஷார்ட். பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இல்லையென்றால் வண்டியே எரியும். ஆனால் சந்தையில் கிட்டாக விற்கும் பல ஒயர்களில் செம்பு மேல்பூச்சு மட்டுமே, உள்ளே அலுமினியம். தடிமனான பிளாஸ்டிக் தோல் போட்டு ஆளை ஏமாற்றுகிறார்கள். ஏன் இப்படி? வண்டியைக் கூட்டிவரும் டிரைவருக்குக் கமிஷன், அனுப்பிவைக்கும் புரோக்கருக்குக் கமிஷன், கடைக்கு லாபம். இவர்களில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. குறைக்க மிச்சமிருப்பது ஒயரும் கூலியும். ஸ்பீக்கரின் விலையை முணுமுணுக்காமல் கொடுக்கும் கஸ்டமரும் கூலி என்றதும் ‘ஃபிட்டிங் ஃப்ரீ இல்லையா?’ என்கிறார். ஃப்ரீ என்று போர்டு வைத்திருக்கும் கடைகள் உண்டு. அங்கே பையன்கள் ஒரு வண்டியை எவ்வளவு சீக்கிரம் அனுப்புகிறார்களோ அவ்வளவுதான் காசு. டார்ச் செல்லை எடுக்க அவர்களுக்கு ஏது நேரம்? மட்டமான வேலையைச் செய்தவர்கள் என்று அந்தப் பையன்களை ஏசுவது சுலபம்; ஏச வேண்டியது அவர்களை அல்ல.

புதிய கார்களில் ஏசியும் ரிவர்ஸ் கேமராவும் ஸ்கிரீனோடு சேர்ந்தே வருவதால் செட்டை மாற்றும் வேலை குறைந்துகொண்டே போகிறது. ஒயரை வெட்டினால் வாரண்டி கிடையாது என்ற பயம் வேறு. மாஸ்டர் அதற்காகவே கப்ளருக்குக் கப்ளர் மாட்டும் ரெடிமேட் ஒயர் செட்டுகளை வாங்கி வைத்திருக்கிறார். கம்பெனி ஒயரில் கத்தி படுவதில்லை.

காரில் ஸ்பீக்கர் மாற்றப் போகிறவர்கள் பில்லில் கூலியைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். ஒயரின் நுனியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். ஃபியூஸ் எங்கே என்று கேட்டால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.