லட்டுவுக்கு எட்டாத முதுகு

தூங்கியது போக மிச்ச நேரத்தில் கணிசமான பங்கை உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கும் பிராணி பூனை. அது அழுக்காகத் திரிகிறது என்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

சென்னை பெரம்பூரில் ஒரு வீட்டில் வளரும் லட்டுவுக்கு ஆறு வயது. முதுகின் பின்பாதியில் பொடுகு, வாலடியில் சிக்கு விழுந்த முடி, சோபாவில் ஏறினால் லேசான வாடை. “சோம்பேறியாயிடுச்சு” என்றார்கள் வீட்டில். கால்நடை மருத்துவர் எடை போட்டார்: 7 கிலோ. லட்டுவின் உடல்வாகுக்கு ஐந்து கிலோவே அதிகம். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை. சோம்பல் இல்லை, திரும்பி நக்கப் பார்த்தால் வயிறு மறிக்கிறது, அவ்வளவுதான்.

காரணம் தேட வெளியே போக வேண்டியிருக்கவில்லை. காலையில் அப்பா ஒரு கை நிறைய உலர்தீனி போடுவார். பள்ளி விட்டு வந்ததும் பேத்தி ஒரு கை. ராத்திரி அம்மா. யாரும் போடவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்ளும்படி முகத்தை வைத்துக்கொள்ள லட்டுவுக்குத் தெரியும். நடுவே பாட்டியின் மத்திமீன் சோறும், ஒரு கிண்ணம் பாலும். (நம் பழமொழிப் பூனைகள் எல்லாம் பாலைத்தான் குடிக்கின்றன. நிஜத்தில் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம்.)

“நாளையிலேர்ந்து பாதி சாப்பாடு” என்று பேத்தி சொன்னதும் மருத்துவர் தடுத்தார். “பட்டினி மட்டும் போட்டுடாதீங்க.” குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால், உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும். உயிருக்கே ஆபத்து. வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் போதும். லட்டுவுக்கு அது 70 கிராம். மாதம் முழுக்கப் பாடுபட்டாலும் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

அதுவரை முதுகை யார் சுத்தம் செய்வது?

இங்கேதான் பலரும் அவசரப்பட்டுப் பூனையை பக்கெட்டில் இறக்குகிறார்கள். தேவையில்லை. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால், முடி படிந்திருக்கும் திசையிலேயே துடைத்தால் போதும். பிறகு உலர்ந்த துண்டு. வாலடியைத் தினமும் பார்க்க வேண்டும். ஈரமும் மலமும் தங்கினால் தோல் புண்ணாகும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து அறுபடும். சீப்பு இறங்காத சிக்கு என்றால் மருத்துவரிடமே விட்டுவிடலாம். மனிதர்களின் ஷாம்பு வேண்டாம். பினாயில், டெட்டால் வகைக் கிருமிநாசினிகள் பக்கமே போகக் கூடாது. அவை பூனைக்கு நஞ்சு. கொஞ்சம் கலந்தால் வாசனையாக இருக்குமே என்று நினைக்கும் வீடுகள் நிறைய.

சுத்தம் பழகிவிட்டது. சாப்பாட்டில்தான் தகராறு. மருத்துவர் சொன்ன அளவைச் சமையலறைத் தராசில் நிறுத்து, காலையிலேயே ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்தார்கள். யார் போட்டாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. “வாயில்லா ஜீவன் கத்துது. நான் மட்டும் எப்படிம்மா சாப்பிடறது?” தாத்தா போன பிறகு மதிய நேரத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது லட்டு ஒன்றுதான். இலையில் ஒதுக்கி வைத்த மீன் துண்டு வெறும் மீன் துண்டு இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் புரிந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சீப்பை அவரிடம் கொடுத்தார்கள், டப்பாவையும் சேர்த்து.

இப்போது மதியம் பத்து நிமிடம் மடியில் சீவல். பிறகு டப்பாவிலிருந்து நாலு மணி உலர்தீனியை வராந்தாவில் உருட்டிவிடுகிறார். லட்டு மூச்சிரைக்க ஓடிப் பொறுக்குகிறது. ஞாயிறுதோறும் பேத்தி அதைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுகிறாள். பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்க்கிறாள்.

நான்கு மாதத்தில் 6 கிலோவுக்கு வந்திருக்கிறது. முதுகுப் பொடுகு குறைந்துவிட்டது. வாலடி இன்னும் எட்டவில்லை. ஈரத்துணி பால்கனிக் கொடியில் தினமும் காய்கிறது.