ஸ்டுடியோவுக்குப் போன குடும்பம்

படம் எடுப்பதற்கு முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டும். படம் எடுக்கிற அன்றைக்குக் குளித்தால் முடி பறக்கும். எண்ணெய் கூடுதலாக வைத்தாலோ விளக்கு வெளிச்சத்தில் நெற்றி மினுங்கும். எழுபதுகளில் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.

குடும்பமாக ஸ்டுடியோவுக்குப் போவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. ராணுவத்தில் இருந்த சித்தப்பா லீவு முடிந்து கிளம்பும்போது, தலைப்பிரசவம் முடிந்து அத்தை பிள்ளையோடு புகுந்த வீடு திரும்பும்போது, யாருக்காவது வடக்கே வேலை கிடைத்துவிட்டபோது என்று, ஒருவர் வீட்டைவிட்டுப் போகிறார் என்றால்தான் குடும்பப் படம். அதனால் அந்தப் பரபரப்புக்குள் சந்தோஷமும் இருக்கும், சொல்லாத ஒரு கலக்கமும் இருக்கும். சின்னப் பிள்ளைகளான எங்களுக்குச் சந்தோஷம் மட்டுந்தான் தெரிந்தது.

ஒரு வாரத்துக்கு முன்பே அப்பா போய் ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வருவார். அண்ணாச்சி கேட்கும் முதல் கேள்வி பணத்தைப் பற்றியதாக இருக்காது. "கைப்பிள்ளை எப்பத் தூங்கும், எப்ப முழிக்கும்?" என்று கேட்பார். அப்பாவுக்கு அது தெரியாது. வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டுக்கொண்டு மறுபடி போவார். பிள்ளை தூங்கி எழுந்து, பால் குடித்து, முகம் தெளிவாக இருக்கும் நேரந்தான் படம் எடுக்கும் நேரம். ராகுகாலம் குறுக்கே வந்தால் ஆச்சி ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆகவே அதையும் தள்ளி, காலை பத்து, பத்தரை என்று முடிவாகும். ஸ்டுடியோவின் வடக்குப் பக்கக் கூரையில் கண்ணாடி பதித்திருந்தார்கள். வடக்கு வெளிச்சத்தில் பெரும்பாலும் வெயில் நேராக விழாது, முகத்தில் கரிய நிழல் கட்டாது. மின்விளக்கு வந்த பிறகும் அண்ணாச்சி அந்தக் கூரையைத்தான் நம்பினார்.

அடுத்து சேலை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அடர்பச்சையும் அரக்கும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக விழும். அம்மாவிடம் இருந்த நல்ல பட்டு அரக்குக் கரை போட்ட பச்சை. "கரை தெரியாதும்மா, மாம்பழ மஞ்சள் இருந்தா அதைக் கட்டுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார் அண்ணாச்சி. அம்மா பச்சையைத்தான் கட்டிக்கொண்டாள். அது கல்யாணச் சேலை. படத்தில் கரை தெரியத்தான் இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தில் அந்தச் சேலை தெரிகிறது என்பேன் நான்.

முந்தின நாள் சாயங்காலம் டிரங்குப் பெட்டி திறக்கப்படும். பாச்சை உருண்டை வாசனை வீடு முழுக்கப் பரவும். கரிப்பெட்டியில் கங்கு போட்டுச் சட்டைகள் தேய்க்கப்படும். அடுத்த வீட்டுப் பெரியம்மா கேட்காமலே தன் அட்டிகையை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து கொடுப்பாள். இன்றைக்கும் படத்தில் அம்மாவின் கழுத்தில் கிடப்பது அந்த இரவல் அட்டிகைதான். தெருவுக்கே அது தெரியும். அதில் யாருக்கும் ஒரு குறையும் தோன்றியதில்லை. பெரியம்மா வீட்டில் படம் எடுத்தபோது எங்கள் வீட்டு வெள்ளி ஒட்டியாணம் போயிருந்தது.

ஆச்சிக்கு மட்டும் படம் பிடிக்காது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறையில் பலருக்கும் இருந்தது. மூன்று பேராக நின்றும் எடுக்க மாட்டார்கள். சித்தப்பா கிளம்பிய அந்தத் தடவை, "நீங்க இல்லாத படத்தை நான் அங்க கொண்டுபோய் என்னம்மா செய்ய?" என்று அவர் ஒரு வார்த்தைதான் கேட்டார். ஆச்சி பேசாமல் எழுந்து போய் வெள்ளைச் சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள்.

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பசித்த முகம் படத்தில் வாடித் தெரியும் என்பாள் ஆச்சி. பிறகு நடை. பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஒரே சமயத்தில் தெருவில் இறங்கி நடந்தால் திண்ணைதோறும் விசாரிப்புத்தான். "எல்லாரும் ஒண்ணா எங்க கெளம்பிட்டீக?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் நின்று பதில் சொல்லி, சித்தப்பா என்றைக்கு ரயிலேறுகிறார் என்றும் சொல்லி, ஸ்டுடியோ போய்ச் சேர்வதற்குள் எங்களுக்கு இருந்த கூச்சமெல்லாம் போயிருக்கும். குடும்பமாக அப்படி நடந்துபோனதுதான் எனக்கு இன்று படத்தைவிடப் பெரிதாக நினைவிருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஒரு சிறு தடுப்பு. அங்கே ரசம் போன கண்ணாடி, கயிற்றில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. எங்கள் ஊரில் எத்தனையோ மாப்பிள்ளைகள் பெண் வீட்டுக்கு அனுப்பிய படத்தில் போட்டிருந்தது அந்த ஒரே கோட்டு. அதைத் தாண்டினால் வரைந்த திரைச்சீலை: தூண், படிக்கட்டு, பூந்தொட்டி, தூரத்தில் ஓர் ஏரி. மறுபக்கச் சுவரில் ஆளுயர நிலைக்கண்ணாடி. சித்திரையில் மல்லிகை மலியும் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பூத்தைத்துச் சடை பின்னி நேரே அங்கேதான் கூட்டிவருவார்கள். முன்னால் முகமும், கண்ணாடியில் சடையும் ஒரே படத்தில் விழ வேண்டும். அதேநேரம் கேமராவோ அண்ணாச்சியோ கண்ணாடியில் தெரிந்துவிடக் கூடாது. அக்காவை இத்தனை அங்குலம் திருப்பி, கேமராவை இத்தனை சாய்த்து அவர் நிறுத்தும் அழகை இப்போது நினைத்தாலும் வணங்கத் தோன்றுகிறது.

கூட்டப் படத்துக்கு ஆப் பிளேட் கேமராதான். 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம். அண்ணாச்சி ஒரு தடவை என்னைக் கறுப்புத் துணிக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னார். தேய்த்த கண்ணாடியில் என் குடும்பம் முழுக்கத் தலைகீழாக, வண்ணத்தோடு உட்கார்ந்திருந்தது. ஒரு சிலைடில் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என்று இரண்டே பிலிம். பிலிம் விலையான சாமான். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். 1960இல் ஊட்டியில் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' முத்திரைப் பெட்டிகள்தான் அவர் அலமாரியில் அடுக்கியிருக்கும். இரண்டு தடவைக்குள் பன்னிரண்டு முகமும் சரியாக விழ வேண்டும் என்றால், கேமராவைத் தொடுவதற்கு முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும்.

அந்த வேலையை அவர் பேச்சில் செய்வார். ஆச்சியிடம் பிசான அறுவடை எப்படி என்று கேட்பார். கேட்டுக்கொண்டே நாற்காலியை நகர்த்துவார். பெரியவர்கள் உட்கார, நடுவயதுக்காரர்கள் பின்னால் நிற்க, நாங்கள் ஜமுக்காளத்தில் சம்மணம் போட, யார் எப்போது எந்த இடத்துக்கு வந்தோம் என்றே தெரியாது. கைப்பிள்ளை இருக்கும் படத்தை முதலில் எடுத்துவிடுவார். பிள்ளை சிணுங்குவதற்குள் அது முடிய வேண்டும். தம்பதி படம், தனிப்படம் எல்லாம் பிறகு. சிரிக்கச் சொல்லவே மாட்டார். "சிரிக்கச் சொன்னா பல்லு வரும், சிரிப்பு வராது" என்பார். "ஆச்சி, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. எய்யா, கண்ணைச் சிமிட்டாத" என்பதோடு சரி. துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து, பேச்சு ஓய்ந்து எல்லாரும் ஒரு மூச்சு விடும் இடத்தில் ரப்பர் பந்தை அமுக்குவார்.

இன்றைக்குக் குடும்பப் படத்துக்கு ஆற்றங்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் போகிறார்கள். குழந்தைகள் ஓடுகிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அது எங்கள் விறைத்த முகங்களைவிட நல்லதுதான். எங்கள் காலத்துப் படங்களில் ஒரு குழந்தையும் குழந்தையாக இல்லை. ஆனால் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஒரே நிறத்தில் உடை வாங்குவதற்கு மெனக்கெடுகிறோம். கைப்பிள்ளை எப்போது தூங்கும் என்று யாரும் கேட்பதில்லை. தூக்கம் கலைந்த பிள்ளையையும் கால்வலிக்கும் பாட்டியையும் வெயிலில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டு, இயல்பாக இருங்கள் என்கிறோம். இயல்பு அங்கே வராது. வீட்டிலிருந்தே கூட்டிப்போக வேண்டியது அது. அந்த அண்ணாச்சிக்கு அது தெரிந்திருந்தது.

ஆச்சி இறந்தபோது அவளுக்கென்று தனிப்படம் இல்லை. பதினாறாம் நாளுக்காக, சித்தப்பா கிளம்பியபோது எடுத்த கூட்டப் படத்திலிருந்து அவள் முகத்தைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தார் அண்ணாச்சி. நெகட்டிவில் பென்சிலால் சுருக்கங்களை ஆற்றியிருந்தார். அவள் தோளில் அம்மா வைத்திருந்த கையைத் தூரிகையால் சேலை மடிப்பாக மாற்றியிருந்தார். மாலை போட்ட படத்தில் அந்தக் கை தெரியாது. எங்களுக்கு மட்டும் அது எங்கே இருந்தது என்று தெரியும்.

ஸ்டுடியோ இப்போது இல்லை. பழைய கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிச் சட்டம் போடும் கண்ணாடியாக்கினார்கள். பிலிம்களை வெள்ளி எடுப்பவர்களுக்கு எடைக்குப் போட்டார்கள். தமிழ்நாட்டில் பல ஸ்டுடியோக்களின் கதை இதுதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்வடிவில் சேமித்தது. அவர்கள் கைக்கு எட்டியவை பிழைத்தன. எங்கள் ஊர் அண்ணாச்சியுடையவை அதில் இல்லை.

மிஞ்சியது எங்கள் வீட்டுப் படம் மட்டும். அதில் இடது ஓரத்தில் நிற்கும் ஒரு பெண் யாரென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் சொல்லக்கூடிய ஒருவர் இன்னும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே படங்களை இறக்கித் துடைத்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள், மை ஊறிவிடும். அடுத்த படத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போகும்போது வயிறாரச் சாப்பிடவைத்து, முடிந்தால் நடத்தியே கூட்டிப்போங்கள்.